கடைசிப் பதினாறு பக்கம்

இந்தத் தடவை கொலைகாரனை நானே கண்டுபிடித்துவிடுவது என்று சபதம் எடுத்தேன். எடுத்த கையோடு நாவலின் கடைசிப் பதினாறு பக்கங்களைக் கிழித்துப் பாய்க்கடியில் வைத்தேன். மனசு குரங்கு. புரட்டிப் பார்க்கச் சொல்லும்.

எனக்குச் சிவகாசியில் காலண்டர் அச்சாபீசில் ராத்திரி ஷிப்டு. பன்னிரண்டு வருஷமாக ஊர் தூங்கும்போது நான் விழித்திருக்கிறேன். ஊர் விழித்ததும் துப்பறியும் நாவல் வாசிக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற என் படிப்பைக் கொலைகாரர்கள்தான் முடித்து வைத்தார்கள். மதுரைப் பத்திரிகை ஒன்று புது நாவல்களை அனுப்பும். நான் மதிப்புரை எழுதுவேன். உறையில் என் பெயரை எழுதி எனக்கென்று ஏதாவது வருகிறதென்றால் அது ஒன்றுதான்.

அதற்கும் ஆபத்து வந்தது. போன நாவலில் பாதியில் தூங்கிவிட்டேன். மீதியை அட்டைப்படத்தைப் பார்த்து எழுதினேன். செத்தவரையே துப்பறிவாளர் என்று பாராட்டியிருந்தேனாம். பத்திரிகை ஆசிரியர் கார்டு போட்டார்: 'இனி மதிப்புரையோடு கொலைகாரன் பெயரைத் தனிச்சீட்டில் எழுதி அனுப்பவும். தவறினால் புத்தகம் வராது.'

இந்த நாவலில் ஒரு பணக்காரர் விஷப்பால் குடித்துச் செத்துவிட்டார். டாக்டர், தம்பி, டிரைவர் மூவர் மேலும் எனக்குச் சந்தேகம். வியாழக்கிழமை மத்தியானம் மணி மூன்று. நாலு மணிக்குத் தபால் பையைக் கட்டிவிடுவார்கள்; மதிப்புரை அதில் போயாக வேண்டும். சபதம் கிடக்கட்டும் என்று பாயைத் தூக்கினேன். தரைதான் இருந்தது.

"பேச்சி, இங்கன இருந்த தாளு எங்க?"

என் மனைவி முத்துப்பேச்சி வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எந்தத் தாளு?"

"அச்சடிச்ச தாளு. பாய்க்கடியில."

"அதுவா. சுத்தியாச்சு."

எங்கள் தெருவில் உதிரித் தாளுக்கு வேறு கதி கிடையாது. பசையைத் தடவிச் சுற்றிவிடுவார்கள்.

"எந்தக் குழாயி? காட்டு, பிரிச்சுப் பாக்கேன்."

"காலையிலயே கம்பெனிக்கு லோடு போயிருச்சு. தீவாளிக்கு வெடிக்கும். அப்ப பொறுக்கி வாசிச்சுக்கிடுங்க."

"ஏ புள்ள, கொலைகாரன் அதுக்குள்ளல்ல இருக்கான்."

"தெரியும். சுத்துறதுக்கு முந்தி வாசிச்சேன்."

என் குரல் தானாகக் குழைந்தது. "யாருன்னு சொல்லு தாயி."

"எதுக்கு? மறுபடி புத்தகம் வரும். பகல்லயும் தூங்க மாட்டீக. சோத்துல கைய வச்சுக்கிட்டுச் சுவத்தப் பாப்பீக. ரசம் எப்படி இருக்குன்னு கேட்டா 'துப்பு போதல'ங்கீக. நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த பேசி மூணு மாசமாச்சு."

"இந்த ஒரு தடவ சொல்லிரு."

கையிலிருந்த குழாயை ஓரமாக வைத்தாள். "செத்த மனுசனோட பொண்டாட்டி."

"அவளா? அவ மொதப் பக்கத்துலருந்து அழுதுக்கிட்டே இருக்காளே."

"அழுவா. பால்ல கலந்தது அவதான்."

நான் நாற்பது நாவல் வாசித்தவன். யோசித்தேன். புத்தகம் நின்றால் லாபம் யாருக்கு? இவளுக்கு. நோக்கம் இருக்கிறது. சாட்சி பொய் சொல்கிறது. மீசைக்குள் சிரித்துக்கொண்டு சீட்டில் 'டாக்டர்' என்று எழுதினேன். ஓட்டமாக ஓடித் தபாலில் போட்டேன்.

எட்டாம் நாள் கார்டு வந்தது. 'கொன்றது மனைவி. கடைசி அத்தியாயத்தில் தெளிவாகவே இருக்கிறது. இத்துடன் நம் தொடர்பு முடிகிறது.'

இரண்டு தடவை வாசித்தேன். பிறகு அடுப்படிக்குப் போனேன்.

"நெசத்தையா சொன்ன?"

"நான் என்னைக்குப் பொய் சொல்லியிருக்கேன்?"

"புத்தகம் நிக்கணும்னுதான ஆசப்பட்ட? அப்ப பொய்யில்ல சொல்லியிருக்கணும்?"

முத்துப்பேச்சி தட்டில் சோற்றைப் போட்டு என் முன்னால் நகர்த்தினாள். எதிரே சாவகாசமாக உட்கார்ந்துகொண்டாள்.

"பொய் சொல்லி நின்னா பழி எம்மேலல்ல வரும்? நெசத்தச் சொன்னா நம்பாம நீங்களே நிறுத்திருவீகன்னு தெரியும்."