நோரிட்டனும் மஞ்சள் தண்ணீரும்

தண்ணீருக்கு ஒழுக்கம் கற்றுக்கொடுத்த ஒரே மனிதர் கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில்தான் இருந்தார். ஐம்பதுகளில் நான் அங்கே சின்னக் கிளாக்கர். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் ஆபீஸ் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவர் நோரிட்டன்.

தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் போகவிட்டு, திரும்பி வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளும் வால்வு ஒன்று உண்டு. நான்-ரிட்டர்ன் என்ற அதன் இங்கிலீஷ் பெயர் அவர் வாயில் புகுந்து நோரிட்டன் என்று வெளியே வந்தது. அதுவே அவருக்கும் ஒட்டிக்கொண்டது. வால்வுக் கதவுக்குப் போடும் தோலைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்துச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். அதனால் அவருடைய எல்லாச் சட்டைகளிலும் நெஞ்சுக்கு நேரே ஓர் எண்ணெய் வட்டம் இருக்கும். தம்பி மகனுக்குப் பெண் பார்க்கக் கொட்டகலைக்குப் போனவர், பெண் வந்து நின்றபோது அந்த வீட்டுக்குப் பின்னால் போய்க் குழாயில் காதை வைத்துக்கொண்டிருந்தாராம். திரும்பி வந்து, "பொண்ணு நல்ல பொண்ணு. கொழாய்தான் சரியில்ல" என்றாராம்.

அவருக்குத் தீராத மனக்குறை ஒன்று இருந்தது. மலை உச்சியிலிருந்து இறங்கும் குழாய், வழியில் தொழிலாளர் குடியிருந்த மேல் லயத்துத் தொட்டிக்குக் கிளை பிரிந்து, பிறகு தோட்டத்தை நிர்வகித்த துரையின் பங்களாவுக்குப் போகும். பங்களாவில் ரோஜாச் செடிகளுக்குக் குழாயைத் திறந்தால் போதும், லயத்துத் தொட்டியில் நிறைந்திருந்த தண்ணீர் வந்த வழியே திரும்பிக் கீழே ஓடிவிடும். கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்கள் தொட்டித் தண்ணீர் கொட்டும் பீலியடியில் காலிக் குடத்தோடு நின்று, பிறகு ஆற்றுக்கு இறங்குவார்கள். கிளை பிரியும் இடத்தில் ஒரு வால்வு வைத்தால் தீர்ந்தது. வால்வும் ஸ்டோரில் சும்மா கிடந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் மூன்று முறை எழுதி அனுப்பினேன். மூன்று முறையும் வேண்டியதில்லை என்று துரை பதில் எழுதினார்.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழா வந்தது. கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. மேல் லயத்துப் பெண்கள் கரைத்து வைத்திருந்த மஞ்சளில் ஒரு பெரிய அண்டாவை நோரிட்டன் கேட்டு வாங்கினார். யார் மேல் ஊற்றப் போகிறார் என்று அவர்கள் ஆவலோடு பார்த்திருக்க, அவர் அதைக் கொண்டுபோய் லயத்துத் தொட்டியில் கவிழ்த்தார். பங்களாவில் குழாய் திறக்கும் நேரம் அவருக்கு அத்துபடி.

அரை மணி நேரத்தில் பங்களாச் சமையற்காரர் ஆபீசுக்கு ஓடிவந்தார். துரைசாணி குளிக்கும் தொட்டி மஞ்சளாம். துரையின் வெள்ளைக் கால்சட்டைகள் அலசிய வாளியில் மாம்பழ நிறமாகிவிட்டனவாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் துரையே வந்துவிட்டார். யாருக்கோ இன்று வேலை போகப்போகிறது என்று நினைத்தேன். எழுதிக் கொடுத்தது நானல்லவா. அதற்குள், யாரும் கூப்பிடாமலேயே நோரிட்டன் வாசலில் வந்து நின்றார்.

"யாரு செஞ்சது?" என்றார் துரை.

"நான்தானுங்க தொரை. லயத்துத் தொட்டியில ஊத்துனேன்."

"லயத்துத் தண்ணி எப்படி பங்களா வரும்?"

"அதத்தானுங்க மூணு தடவ எழுதிக் குடுத்தேன். தெனமும் வருதுங்க. இன்னைக்குத்தான் நெறத்தோட வந்திருக்கு."

துரை நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தத் தொட்டியில் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். நோரிட்டன் பொய் சொல்லத் தெரியாதவர். பிள்ளைகள் குதிப்பார்கள், சில நாள் கோழியும் விழும் என்றார். துரையின் முகம் போன போக்கைப் பார்த்து நான் லெட்ஜருக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். பின்னாலேயே காரில் வந்த துரைசாணி, மஞ்சள் பூத்த கைகளை விரித்துக் காட்டிச் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் இன்றுதான் தன்னையும் திருவிழாவில் சேர்த்திருக்கிறார்கள் என்றாள். வேலையை விட்டு நிறுத்துவதற்கு எடுத்த பேனாவால் துரை, வால்வைக் கொடுக்கச் சொல்லி ஸ்டோருக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதினார்.

மதியத்துக்குள் வால்வு ஏறிவிட்டது. சாயங்காலம் பீலியில் தண்ணீர் கொட்டியபோது பெண்கள் மிச்ச மஞ்சளையெல்லாம் நோரிட்டன் தலையில் ஊற்றினார்கள். அவர் கண்ணை மூடி நின்றுகொண்டு, சட்டைப் பையை மட்டும் இரு கையாலும் பொத்திக்கொண்டார். அதன்பிறகு வாராவாரம் வால்வைக் கழற்றி, சிக்கிய இலைச் சருகைத் துடைத்து, தோலைத் தடவிப் பார்த்து மூடுவார். தண்ணீர் திரும்பவே இல்லை.

பின்னர் அவர் இறம்பொடைப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். எனக்கு மூத்த மகள் பிறந்த மாதம், ஒருநாள் காலையில் தோளில் ஒரு நீளக் குழாயும் கையில் ஒரு பித்தளைத் திருகுக் குழாயுமாக வந்து நின்றார். "கொழந்த இருக்குற வீட்டுல தண்ணி வெளியில இருக்கக் கூடாதுங்க, கிளாக்கரய்யா" என்று சொல்லிவிட்டு, நேரே எங்கள் சமையலறைச் சுவரைத் துளைக்க ஆரம்பித்தார். என் மனைவி வைத்த தேநீர் ஆறிப்போனது. வேலை முடிந்ததும் குழந்தையின் பாதத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அன்று முழுவதும் நான் அந்தக் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். எங்கள் சொந்தக்காரர் யாரும் என் மகளுக்கு அப்படியொரு சீர் கொண்டுவந்ததில்லை.