எங்கள் மாடியில் தெரிந்த செவ்வாய்

ஐந்து பாடம் மட்டும் படித்தவனிடம் மொட்டை மாடியையும் விருந்தாளிகளையும் ஒப்படைக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை. அப்பா ரிட்டயர் ஆனதும் நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பக்கத்திலேயே வடக்குத்து என்ற ஊரில் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். தங்கை தேன்மொழிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்குச் செவ்வாய் தோஷம். மூன்று இடம் அதனாலேயே தட்டிப்போயிற்று. மூன்றாவது இடத்துக்காரர்கள் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, வீடு போய்ச் சேர்ந்த பிறகு போனில் வேண்டாம் என்றார்கள். (கேசரிக்குத் தோஷம் இல்லை போலிருக்கிறது.) தேன்மொழிக்கு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. மறுநாள் வழக்கம்போல் கிளம்பிப் போனாள். ஆனால் வீட்டில் சிரிப்பதை விட்டுவிட்டாள்.

எனக்குக் கோபம். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் நேராக அந்தக் கிரகத்தின்மேலேயே கோபப்பட்டேன். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் அதற்கு என்ன வேலை? தெரிந்துகொள்ள, தொலைநிலைக் கல்வியில் அடிப்படை வானியல் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்தேன். பாடங்கள் தபாலில் வரும். சந்தேகம் இருந்தால் எழுதிக் கேட்கலாம். (எனக்குச் சந்தேகமே வரவில்லை. கோளாறு அங்கேதான் ஆரம்பம்.)

ஐந்தாவது பாடத்தோடு ஒரு செய்முறைப் பயிற்சி வந்தது. ஏதாவது ஒரு கோளைப் பதினைந்து நாள் ஒரே நேரத்தில் பார்த்து, அது இருக்கும் இடத்தை வரைய வேண்டும். சிவப்பாக, சிமிட்டாமல் தெரிவது செவ்வாய் என்று போட்டிருந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு மாடி ஏறினேன். தைலமரத் தோப்புக்கு மேலே, சிவப்பாக, சிமிட்டாமல், ஒரே ஒரு புள்ளி.

"மாட்டுனியா" என்றேன், வாய்விட்டே.

பதினைந்து நாளும் வரைந்தேன். பதினைந்து படமும் ஒன்றுபோலவே இருந்தன. அது ஒரு நூல்கூட நகரவில்லை. வேறு யாராவது என்றால் யோசித்திருப்பார்கள். கோள்கள் சில சமயம் நின்றுவிட்டதுபோல் தோன்றும் என்று அதே பாடத்தில் ஒரு வரி இருந்தது. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, 'செவ்வாய் தற்போது நின்றுகொண்டிருக்கிறது' என்று பெருமையாக எழுதி அனுப்பினேன்.

அடுத்த வாரம் வடலூரிலிருந்து நாலாவது இடம் வந்தார்கள். மாப்பிள்ளை இளங்கோ, அவருடைய அப்பா ஏழுமலை, அம்மா. காப்பி குடித்து முடித்ததும் அந்த அம்மா தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"பொண்ணுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. அந்தச் செவ்வாதான் மனசை உறுத்திகினே இருக்குது."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். தேன்மொழி காலி டம்ளர்களோடு நின்றாள். நான் எழுந்தேன்.

"எல்லாரும் மாடிக்கு வாங்க. செவ்வாயைக் காட்டறேன். பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

"டேய், சும்மா இருடா" என்றாள் என் அம்மா. நான் இருந்தால்தானே?

மாடியில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, கையை நீட்டினேன். "அதோ பாருங்க. வெறும் கல்லு, மண்ணு. துருப்பிடிச்ச மண்ணு, அதான் செவப்பு. பதினஞ்சு நாளா பாத்து வரைஞ்சிருக்கேன், இம்மி நகரல. தானே நகர முடியாதது என் தங்கச்சி வாழ்க்கையை எப்படிங்க நகத்தும்?"

(கடைசி வரியைக் கண்ணாடி முன்னால் இரண்டு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.)

ஏழுமலை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "தம்பி, தைலமரத்துக்கு மேல இருக்குதே, அதுங்களா?"

"அதேதாங்க."

அவர் ஒரு தடவை செருமிக்கொண்டார். "தப்பா நெனச்சிக்காதீங்க தம்பி. அது எங்க தெர்மல் புகைபோக்கி லைட்டுங்க. பிளேன் மோதாம இருக்க வெச்சது. போன மாசம் பல்பு மாத்தும்போது நான்தான் கீழ நின்னுகினு ஆளை ஏத்தி உட்டேன்."

பிறந்ததிலிருந்து அந்த அனல்மின் நிலையப் புகைபோக்கியைப் பார்த்து வளர்ந்தவன் நான். புது வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தோப்பு அதன் உடம்பை முழுக்க மறைத்து, உச்சி விளக்கை மட்டும் விட்டுவைத்திருந்தது. (இது விளக்கம்தான். மன்னிப்பதற்குத் தகுந்த காரணம் இல்லை.)

அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. தேன்மொழி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அண்ணா... பதினஞ்சு நாளு... நோட்டுப் போட்டு..." அதற்குமேல் சொல்ல முடியவில்லை. இளங்கோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் சிரித்தார். அவர் அம்மா சிரிக்கவில்லை. பதில் ஒன்றும் சொல்லாமல் மூவரும் கிளம்பிப் போனார்கள்.

மூன்று இடத்தைச் செவ்வாய் கெடுத்தது என்றால், நாலாவதைக் கெடுத்தவன் நான். அதற்கு எந்த ஜாதகத்திலும் இடம் பார்த்துப் பழி போட முடியாது. தேன்மொழியிடம் போய், "மன்னிச்சிடும்மா" என்றேன்.

"விடுண்ணா. மூணு தடவையும் எல்லாரும் என்னையத்தான் பாவமா பாத்தாங்க. இன்னிக்கு உன்னைப் பாத்தாங்க. எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

அவளுக்கு உதவ நினைத்து நான் செய்த காரியங்களில் அது ஒன்றுதான் உதவியிருக்கிறது. அதையும் நான் நினைத்துச் செய்யவில்லை.

நாலு நாள் கழித்து இளங்கோ போன் செய்து, தேன்மொழியோடு பேசலாமா என்று கேட்டார். அவர் அம்மா சம்மதிக்க இரண்டு மாதம் ஆயிற்று. பரிகாரம் செய்தால் போதும் என்றவரிடம் தேன்மொழியே பேசினாள். "பரிகாரம் வேணாம் அத்தை. நாம ரெண்டு பேரும் சும்மா ஒரு தடவை கோயிலுக்குப் போயிட்டு வரலாம்." போய் வந்தார்கள். அதன் பிறகு அந்த அம்மா தோஷத்தைப் பற்றிப் பேசவில்லை.

இதற்கிடையில் என் பயிற்சித்தாள் திரும்பி வந்திருந்தது. ஓரத்தில் ஆசிரியர் எழுதியிருந்தார்: 'கோள் நிற்பதுபோல் தோன்றலாம், பூமி நிற்பதில்லை. எந்தக் கோளானாலும் தினமும் கொஞ்சமாவது இடம் மாறியிருக்கும். தாங்கள் பார்த்தது என்ன? செவ்வாய் இப்போது விடியற்காலையில் கிழக்கே தெரியும்.' நடந்ததை மறைக்காமல் எழுதி அனுப்பினேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம், விடிவதற்கு முன்னால் தேன்மொழியை எழுப்பி மாடிக்குக் கூட்டிப்போனேன். இந்தத் தடவை உண்மையான செவ்வாய். சின்னதாக, மங்கலாக, தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"இவ்ளோதானா?" என்றாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம்ணா இது."

அவள் மகள் இப்போது ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். செவ்வாய்க்குப் பல்பு மாற்றின கதையை ஏழுமலை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல, பேத்தி அதை அப்படியே நம்பி வளர்ந்திருக்கிறாள். போன மாதம் வகுப்பில் செவ்வாய் எங்கே இருக்கிறது என்று டீச்சர் கேட்க, "தெர்மல்ல இருக்குது மிஸ், எங்க தாத்தாதான் பல்பு மாத்துவாரு" என்றிருக்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்குக் குழந்தை தாத்தா பேரைச் சொல்லவில்லை.

"எங்க மாமா மிஸ். அவரு வானியல் படிச்சவரு."