எல்லாரும் தலைவரான எங்கள் பங்கு

பன்வில,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய அருட்தந்தை பற்றிக் அவர்களுக்கு,

உங்கள் உடன்பிறந்த அக்காள் கிறேஸ் பணிவுடன் எழுதுவது. நான் சுகம். அநுராதபுரத்து வெயிலில் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு குருவானவருக்கு நான் தர வேண்டிய மரியாதை இத்துடன் முடிந்தது. இனி எழுதப்போவதெல்லாம் பற்றிக் என்கிற என் தம்பிக்கு.

தம்பி, நீ செய்துவிட்டுப் போன வேலைக்கு உன்னை என்ன செய்தாலும் என் ஆத்திரம் தீராது. தவக்காலத்தில் இங்கே வந்தாய். என் வீட்டில் தங்கி, நான் சமைத்த மீன்கறியைச் சாப்பிட்டு, எங்கள் கோவில் மண்டபத்தில் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, கலர் கலராகக் கடதாசி ஒட்டி, "கோவில் பாதருடையது இல்லை, உங்களுடையது, ஒவ்வொருவரும் தலைவர், பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளுங்கள்" என்று சொன்னாய். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், தம்பி பேசுகிறானே என்று. நீ கண்டி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாய். நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்.

எங்கள் பங்குத்தந்தை றொமேஷ் வயதில் சின்னவர், சாது, யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். நீ சொன்னதை வேதவாக்காக எடுத்துப் பங்குச் சபை ஒன்றை அமைத்து, அதற்குக் கீழே வழிபாட்டுக் குழு, அலங்காரக் குழு, உணவுக் குழு, ஒலிபெருக்கிக் குழு, பவனிக் குழு என்று வரிசையாகத் தொடங்கிவிட்டார். குழுவுக்கொரு தலைவர், உபதலைவர், இணைப்பாளர். எல்லாருக்கும் மேலே ஜெரோம் மாஸ்டர். அவரை உனக்குத் தெரியும், பென்ஷன் எடுத்த தபால் அதிபர், பேசும்போதும் முத்திரை குத்துகிற மாதிரி மேசையில் தட்டிக்கொண்டே பேசுவாரே, அவர்தான். தெரிவுக் கூட்டத்தைச் சனிக்கிழமை காலையில் வைத்தார்கள். தேயிலைத் தோட்டத்துச் சனம் மலையில் கொழுந்து பறிக்கிற நேரம் அது என்று ஒருவருக்கும் தோன்றவில்லையா? நான் கேட்டேன். "விருப்பமுள்ளவங்க வருவாங்க தானே டீச்சர்" என்றார் மாஸ்டர். கோவிலுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் தோட்டத்துச் சனம், ஆனால் சபையில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. பொறுப்பைப் பகிர்ந்தாயிற்று, கடைத்தெருக்காரர்கள் தங்களுக்குள்ளேயே.

அதையும் பொறுத்துக்கொண்டேன். நானும் அலங்காரக் குழுவில் ஒரு உறுப்பினர். தலைவர் அல்ல, உறுப்பினர். எங்கள் குழுவில் உறுப்பினர் என்று இருந்தது நான் மட்டும்தான், மற்ற எல்லாரும் ஏதோ ஒரு தலைவர். அப்போ பூ கட்டினது யார்? நீயே சொல்லு.

பிறகு வந்தது செப்டெம்பர் மாதத் திருவிழா. எப்போதும் மாதாவின் சுரூபம் கோவிலிலிருந்து புறப்பட்டு, மேலே தோட்டத்து லய வீடுகளைச் சுற்றித்தான் வரும். தோட்டத்துப் பொடியன்மார்தான் தோளில் சுமப்பார்கள். இந்த முறை பவனிக் குழு கூடி, மேல் றோட்டு உடைந்து கிடப்பதால் பவனி கடைத்தெருவோடு திரும்பிவிடும் என்று முடிவெடுத்தது. ஞாயிறு பூசை முடிவில் மாஸ்டர் அதை அறிவித்தார். பின் வரிசை வாங்கிலிருந்து வீரம்மா எழும்பினாள். ஞானஸ்நானத்தில் வெரோனிக்கா, ஆனால் பன்வில முழுக்க அவள் வீரம்மாதான், குரலுக்கு மைக் தேவையில்லை.

"இத்தன வருசமா மேல ஏறுன மாதாவுக்கு இப்ப என்ன, கால் வலியா மாஸ்டர்?"

"இது சபை முடிவு. கையத் தூக்கி எடுத்த முடிவு."

"எங்க கையெல்லாம் மலையில இருந்திச்சே! மாதா வராட்டி நாங்களும் வரல. நீங்களே தலைவருங்க, நீங்களே தூக்குங்க!"

அப்படியே செய்தார்கள் தம்பி. திருவிழாவன்று தோட்டத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. வெள்ளை உடுப்பில் பட்டி குத்திய தலைவர்கள்தான் சுரூபத்தைச் சுற்றி நின்றார்கள். தூக்க முடியுமா? ஒருவருக்கு இடுப்பு வலி, ஒருவருக்குச் சீனி வருத்தம், ஒருவர் "நான் ஒலிபெருக்கிக் குழு" என்று ஒதுங்கிவிட்டார். கடைசியில் மரக்கறி ஏற்றுகிற மக்கீன் நானாவின் லொறியைக் கூப்பிட்டார்கள். அவர் முஸ்லிம் மனுசன், நல்ல மனசு, லொறியைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். சுரூபத்தைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். கிரீடம் ஆடியதால் அதைக் கழற்றி என் மடியில் தந்து முன் சீட்டில் என்னை ஏற்றினார்கள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மாதாவை மூடக் கூடாரச் சீலை எங்கே என்று மாஸ்டர் கேட்க, அது அலங்காரக் குழுவின் வேலை என்று உணவுக் குழு சொல்ல, வாகனம் சம்பந்தப்பட்டது பவனிக் குழுதான் என்று அலங்காரக் குழு சொல்ல, செபமாலை சொல்வதற்காகத் திறந்து வைத்த மைக் அப்படியே திறந்து கிடக்க, "உனக்குப் பதவி தந்ததே பிழை," "நீ யாரடா எனக்குத் தர" என்று இவர்கள் போட்ட சண்டை முழுவதும் பன்வில கடைத்தெருவில் ஒலிபரப்பானது. பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், பேக்கரிக்காரர், பஸ்ஸுக்கு நின்ற சனம், எல்லாரும் கேட்டார்கள். மானம் போச்சு தம்பி. பாதர் குடை எடுக்க உள்ளே போனவர் வெளியே வரவேயில்லை.

"டீச்சர், ஒருத்தர் இடது எண்டுறார், ஒருத்தர் வலது எண்டுறார், ஒருத்தர் எறங்கச் சொல்றார்," என்றார் மக்கீன் நானா. "அங்க மாதா நனையுறாங்க. எந்தப் பக்கம் எடுக்கிற?"

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. "மேல விடுங்க நானா," என்றேன்.

விட்டார். உடைந்த றோட்டில் லொறி ஆடிக்கொண்டு ஏறியது. பின்னால் தலைவர்கள் எல்லாரும் நனைந்துகொண்டு ஓடி வந்தார்கள். அவ்வளவு பேரும் ஒரே திசையில் போனது அன்றுதான். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குள் லொறியை விட்டோம். சத்தம் கேட்டு லயத்துச் சனம் ஓடி வந்தது. வீரம்மா தன் சீலைத் தலைப்பால் மாதாவின் முகத்தைத் துடைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அழுதாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. கிரீடத்தை நான் அவள் கையில் கொடுத்தேன், அவளே வைத்தாள். பாதர் பின்னால் முச்சக்கர வண்டியில் வந்து அங்கேயே ஆசீர்வாதம் கொடுத்தார். அப்படி ஒரு திருவிழா இங்கே நடந்ததில்லை.

அதற்குப் பரிசு என்ன தெரியுமா? நேற்று விசாரணைக் குழு. ஆம், அதற்கும் ஒரு குழு. "யாருடைய அனுமதியில் லொறியைத் திருப்பினீங்க?" என்று மாஸ்டர் மேசையில் தட்டினார். "பொறுப்பு எல்லாருக்கும் எண்டு நீங்கதானே சொன்னீங்க, நான் கொஞ்சம் எடுத்துக்கிட்டேன்," என்றேன். என்னை அலங்காரக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். பூ கட்டுகிற ஒரே ஆளை! அப்போதும் பாதர் தலையாட்டிக்கொண்டு இருந்தார். கூட்டம் முடிந்ததும் நேரே பாதர் தங்குகிற அறைவீட்டு வாசலுக்குப் போய் அவரிடம் கத்திவிட்டு வந்தேன்: "இந்தக் குழுவெல்லாம் கலைச்சிருங்க பாதர். பழைய மாதிரி நீங்க ஒரு ஆள் சொல்லுங்க, நாங்க கேக்கிறோம்."

ஆகவே தம்பி, நீ ஆயரிடம் பேசு. இந்தப் பகிர்வு எங்களுக்கு வேண்டாம். அது நடக்கும் வரை அந்தக் கோவில் வாசலை நான் மிதிக்கமாட்டேன். இது உறுதி.

வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் தொப்பியில்லாமல் திரியாதே. மாதா உன்னைக் காக்கட்டும். உன் பேச்சைக் கேட்ட எங்களையும் காக்கட்டும்.

கோபத்துடனும் அன்புடனும்,
அக்கா கிறேஸ்.

பி.கு.: தம்பி, மழையால் இதைத் தபாலில் போட முடியவில்லை. இன்று ஞாயிறு. இதைக் கோவில் வாங்கில் இருந்துதான் எழுதுகிறேன். காலைப் பூசையில் பாதர் எல்லாக் குழுவையும் கலைத்துவிட்டதாகவும் இனி தானே முடிவெடுப்பதாகவும் சொன்னாராம். வீரம்மா ஓடி வந்து சொன்னாள். செருப்பு மாறிப் போட்டதுகூடத் தெரியாமல் ஓடி வந்தேன். "யாரக் கேட்டுக் கலைச்சீங்க?" என்றேன். "டீச்சர், நீங்கதானே சொன்னீங்க?" என்றார். "ஒரு ஆள் சொன்னா கலைச்சிர்றதா? எங்க எல்லாரையும் கேக்க வேணாமா?" அதைத் திருப்பி எடுக்கும் வரை எழும்புவதில்லை என்று எல்லாரும் உட்கார்ந்துவிட்டோம், தோட்டத்துச் சனம் ஒரு பக்கம், கடைத்தெருச் சனம் ஒரு பக்கம் என்றில்லாமல் கலந்து. ஜெரோம் மாஸ்டர் தானாகவே போய்த் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினார், யாரும் சொல்லவில்லை. ஒருவர் சீனி கொண்டுவந்தார், ஒருவர் கோப்பை கழுவினார். உள்ளே போய்விட்ட பாதர் இப்போதுதான் மெதுவாக வெளியே வந்து, தனக்கும் ஒரு பிளேன்டீ கிடைக்குமா என்று கேட்டார்.

வீரம்மா சொன்னாள்: "இருங்க பாதர், குழுவக் கேட்டுட்டுச் சொல்றோம்."