சாமானாகிப் பிழைத்த கீரி

ஒரு காட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் யாரும் யாரையும் தின்பதில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் விளையாட்டு இருந்தது. தட்டைப் பாறையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு மனித வேஷம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிப் பூதங்களோடு சண்டை போடுவார்கள். கரடி மாயாண்டிக்கு மந்திரவாதி வேஷம். கீரி செவத்தானுக்கு மனித வேஷம் கிடைக்கவில்லை. மந்திரவாதியின் தோளில் உட்கார்ந்து வரும் வளர்ப்புக் கீரியாகத்தான் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கே பூரித்துப்போனான். பாவம், வாரம் முழுக்க அவனோடு ஒரு வார்த்தை பேச ஆளில்லை. விளையாட்டில் செத்தவர்களோ எழுந்து போய்விட வேண்டும். திரும்ப இடம் கிடையாது.

அன்றைக்குப் பூதம் எதிரே வந்ததும் மாயாண்டி பதறிப்போய், "தீமழை!" என்று கத்திப் பகடையை உருட்டிவிட்டான். பூதம் சாம்பலானது.

நடுவர், உடம்பெல்லாம் செதில் போர்த்திய அழுங்கு அண்ணாச்சி, விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "மந்திரம் போட்டவனைத் தவிர, இருபதடிக்குள்ள இருக்க எல்லா உயிரையும் தீமழை எரிக்கும். கீரி காலி."

"அண்ணாச்சி, அவன் நம்ம பய!"

"தீக்கு அது தெரியுமா?"

"அப்ப காப்பு மந்திரம் போடுதேன்."

"அது மனுசருக்குத்தான். மிருகத்துக்கெல்லாம் செல்லாது."

சுற்றியிருந்த மிருகங்கள் அத்தனையும் நியாயம்தான் என்று தலையாட்டின.

செவத்தான் புத்தகத்தை இழுத்துத் தானே தேடினான். ஒரு மூலையில் இருந்தது: மந்திரவாதி சுமந்து வரும் சாமான்கள் எரியாது.

"நான் இவரு தோள்லதான இருக்கேன் அண்ணாச்சி? அப்ப நானும் சாமான்தான்."

அழுங்கு யோசித்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். "உயிர் இல்லைன்னு எழுதி ரேகை வை."

வைத்தான். பிழைத்தான்.

அடுத்த சுற்றில் ஆசையாகப் பகடைக்குக் கை நீட்டினான். அழுங்கு தட்டிவிட்டார். "சாமானுக்கு ஏதுடே முறை? பேசவும் கூடாது. பேசினா உயிர் இருக்குன்னு ஆயிரும். அப்புறம் நீ எரிஞ்சதாத்தான் கணக்கு."

மாயாண்டிக்கு மனசு கேட்கவில்லை. "ஏலே செவத்தான், எம்மேல கோவமா?" என்று குனிந்து கேட்டான். 'இல்லை அண்ணே' என்பது செவத்தானுக்குத் தொண்டை வரை வந்தது. அழுகையோடு சேர்த்து விழுங்கிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு அவன்தான் முதல் ஆளாக வந்தான். மாயாண்டியின் கயிற்றுக்கும் தண்ணீர்க் குடுவைக்கும் நடுவில் ஆடாமல் உட்கார்ந்தான். அழுங்கு பட்டியலைச் சரிபார்த்தார்: "கயிறு ஒண்ணு, கீரி ஒண்ணு, குடுவை ஒண்ணு." யாரும் அவனை எழுந்து போகச் சொல்லவில்லை.

நீதி: உட்கார்ந்த இடம் நிலைக்க வேண்டுமானால், உயிர் இருப்பதை வெளியே காட்டிக்கொள்ளாதே.