நூஹுவின் மேல் கழுதை வழக்கு

"கழுதை எங்க?" என்று கேட்டார் பொலிஸ் சாஜன்.

தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்த நூஹுவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. புத்தளத்துத் தில்லையடியில் இருபது வருஷமாகத் தையல் கடை வைத்திருப்பவர். வீடும் கடையும் ஒரே வளவுக்குள். பொலிஸ் நிலையத்துப் படியை ஒருநாளும் மிதித்ததில்லை.

"எந்தக் கழுதை சேர்?"

"இந்த வளவுக்குள்ள ஒரு கழுதையைப் போட்டுச் சித்திரவதை செய்யிறீங்க எண்டு முறைப்பாடு வந்திருக்கு. மிருகவதை. மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணுற கேஸ்."

"எங்கட்டக் கழுதையே இல்லையே சேர்!"

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுற. நாளைக்கு வாறன். கழுதை இருக்கோணும்."

சாஜனின் மோட்டார் சைக்கிள் திரும்பியதும் ஸியாத் வந்து சேர்ந்தான். நூஹுவின் மனைவி ஸுஹைராவின் தம்பி. கச்சேரி அலுவலக வாசலில் இருந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவன். அதனால் சட்டமெல்லாம் தனக்கு அத்துப்படி என்று நம்புகிறவன்.

"மச்சான், இல்ல எண்டு மட்டும் சொல்லிராதீங்க. அடிச்சுச் சாகடிச்சுப் புதைச்சிட்டீங்க எண்டு எழுதிருவாங்க. அதுக்கு வேற தனி வருஷம் உள்ள இருக்கோணும். நல்ல சுகமான கழுதை ஒண்டக் காட்டுங்க. பார்த்துட்டுப் போயிருவாங்க."

புத்தளம் வீதியில் கழுதைக்கா பஞ்சம்? பஸ் நிலையத்தடியில் நின்ற ஒன்றுக்கு ஒரு றாத்தல் பாண் ரொட்டியைக் காட்டிக் காட்டி வளவுக்குள் கொண்டுவந்தார்கள். உள்ளே வந்த பிறகுதான் பின்னங்காலில் இருந்த பழைய காயம் தெரிந்தது. நூஹு பதறிப்போய், மாப்பிள்ளைக் கோட்டுக்கு வைத்திருந்த சாம்பல் துணியில் ஒரு துண்டு வெட்டி, ஓரம் அடித்து, அழகாகக் கட்டுப்போட்டார்.

மறுநாள் சாஜன் அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். பிறகு கொப்பியில் வெகுநேரம் எழுதினார்.

"காயம். காயத்தை மறைச்சது. நேத்துப் பொய் சொன்னது." நிமிர்ந்து பார்த்தார். "இது ஆர்ர கழுதை?"

"என்ட இல்ல சேர். றோட்டில நிண்டது."

"அப்ப, களவு."

அன்று பகலே ஸியாத் அடுத்த யோசனையோடு வந்தான். "கழுதை இல்லாட்டிக் கேஸ் நிக்காது மச்சான்!" கழுதையை ஒரு லொறியில் ஏற்றி நுரைச்சோலைப் பக்கம் இறக்கிவிட்டு வந்தான். பின்னேரம் மிருக வைத்தியரையும் கூட்டிக்கொண்டு வந்த சாஜனுக்கு நூஹுவால் காட்ட முடிந்தது ஒரு கயிறும் கொஞ்சம் சாணமும்தான். கொப்பியில் 'சாட்சியத்தை ஒழித்தது' என்று இன்னொரு வரி ஏறியது.

சட்டத்தரணி ஸம்ஹா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"உண்மையச் சொல்லுங்க நானா. முதல் கழுதைய என்ன செஞ்சீங்க?"

"முதல் கழுதை எண்டே ஒண்டு இல்ல மகள்!"

"அப்ப என்னத்துக்கு ரெண்டாவதைப் பிடிச்சீங்க?"

"எல்லாம் சேர்ந்தா எத்தின வருஷம் வரும்?" என்று கேட்டார் நூஹு.

"எல்லாத்தையும் ஒண்டா அனுபவிக்கச் சொன்னாப் பயமில்ல நானா. ஒண்டு முடிய மத்தது எண்டு தீர்ப்பு வந்தா..." விரல் மடித்துக்கொண்டு போனவள், இரண்டாவது கைக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். "பிளேன்டீ ஒண்டு குடிக்கிறீங்களா?"

நூஹு வீட்டுக்கு வந்தார். யாரையும் தொடவிடாத தன்னுடைய பெரிய கத்தரிக்கோலை எடுத்து ஸுஹைராவின் கையில் கொடுத்தார். எந்தக் கலியாண உடுப்பு என்றைக்குக் கொடுக்க வேண்டும் என்று சொன்னார். அவள் கத்தரிக்கோலைப் பிடித்தபடி அழுதாள்.

"ஸியாத், மறியல்ல உடுப்பு அளவெடுத்தா தைக்கிற?"

"இல்ல மச்சான். எல்லாருக்கும் ஒரே அளவுதான்."

நூஹு கண்ணை மூடிக்கொண்டார். வருஷக் கணக்கைவிட அதுதான் அவருக்கு வலித்தது.

வழக்கு நாளில் நூஹு கூண்டில் ஏறினார். முறைப்பாட்டுக்காரர் எழுந்தார். பார்த்தால், ஒரு மாதத்துக்கு முன் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த றிஸ்மின்! வங்கியில் வேலை செய்யும் மரியாதையான பொடியன்.

கோப்பைப் புரட்டிய நீதவான் கேட்டார்: "கழுதைக்கு அடிக்கிறதைக் கண்ணால கண்டீங்களா?"

"இல்ல சேர். மதில் உயரம். சத்தம் மட்டும்தான். ஒவ்வொரு நாளும் விடியச் சுபஹுத் தொழுகை முடிஞ்ச கையோட தொடங்கும். முதல்ல கிணத்துல வாளி விழும். தண்ணி ஊத்துற சத்தம் கேக்கும். பிறகு அந்தக் கழுதை கத்தும் பாருங்க சேர்... கழுத்தைப் பிடிச்சு நெரிக்கிற மாதிரி! அரை மணித்தியாலம். வெள்ளிக்கிழமையில இன்னும் கூட. பாவம், கேட்டுக்கொண்டிருக்க ஏலாமத்தான் பொலிசுக்குச் சொன்னேன்."

மன்று முழுவதும் நூஹுவைத் திரும்பிப் பார்த்தது. அந்தக் கழுதையை நினைத்து நூஹுவின் கண்ணும் கலங்கிவிட்டது. என்ன கல்நெஞ்சக்காரன் அப்படிச் செய்வான்?

பின்வாங்கில் ஸுஹைரா மெல்ல எழுந்தாள். முக்காட்டை நன்றாக முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சேர், அது கழுதை இல்ல. இவர் குளிக்கக்குள்ள பாட்டுப் படிக்கிற."