மிட்டாய் சாப்பிடாத உங்கள் தம்பி

மரியாதைக்குரிய அண்ணிக்கு, உங்கள் தம்பி மனைவி வணங்கி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதினால் சாமி கண்ணைக் குத்தும். ஆகையால் நீங்களாவது நலமாக இருக்க வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் வந்து உங்கள் தம்பியிடம் பேச வேண்டும். என் பேச்சு இனி எடுபடாது. காரணமும் நான்தான்.

அவர் உடம்பைக் காக்க வேண்டிய ரத்தமே நரம்பைக் கடிக்கிறது, அதனால்தான் கையும் காலும் துவண்டுவிட்டன என்று டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும். அதற்கு இம்யூன் குளோபுலின் என்று ஒரு மருந்து. ஆயிரம் பேர் தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து எடுப்பதாம். அஞ்சு நாள், காலையில் போய்ச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் ஏற்கெனவே சர்க்கரையும் பாதி கெட்ட கிட்னியும் உள்ளவருக்கு இது கத்திமேல் நடப்பது. கிட்னி படுத்துவிடலாம், ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம், மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். நான் பொட்டலக் காகிதத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தவள்தான். இருந்தாலும் முப்பது வருஷமாக நோட்டு எழுதாமல் படுத்ததில்லை. எத்தனை டம்ளர் தண்ணீர், எவ்வளவு மூத்திரம், நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு, ஒன்று விடாமல் எழுதினேன். நர்ஸம்மாவே என்னிடம்தான் கணக்குக் கேட்பாள். பெருமை அண்ணி, பெருமை.

மூன்றாம் நாள், நீங்கள் வந்து பார்த்துவிட்டுப் போன அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், விரலைக் குத்தி வீட்டு மிஷினில் வைத்தால் சர்க்கரை முந்நூற்று எண்பது. எனக்கு வந்ததே கோபம். முன்பு ஒருநாள் குடையை விரித்தால் ஒளித்து வைத்த மிட்டாய் கொட்டிய மனுஷன் இல்லையா? தலையணை உறையை உதறினேன், செருப்பைக் கவிழ்த்தேன், "ஆ காட்டுங்க" என்று வாயை மோந்தும் பார்த்தேன்.

"என் மூக்கையே நீதானடி சொறிஞ்சு விடுற. மிட்டாய் என்ன, பறந்து வந்து வாயில விழுந்துச்சா?"

"உங்களுக்கா வழி தெரியாது?"

சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் கேட்டேன். பண்ணினார். கையைத் தூக்க முடியாமல் தலையைத் தாழ்த்திப் பண்ணினார். அப்புறமும் டாக்டர் சீட்டில் எழுதியிருந்தபடி கூடுதல் இன்சுலினைப் போட்டேன். விளக்கேற்றிக் கும்பிடுகிற சாமியைவிட உள்ளங்கை அளவு மிஷினை நம்பினேன் அண்ணி. கொஞ்ச நேரத்தில் சட்டை நனைய வியர்த்து, "இருட்டுது" என்றார், சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை முப்பத்தெட்டு!

நர்ஸம்மா என் மிஷினைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த மருந்துல வேற ஒரு சர்க்கரை கலந்திருக்கும்மா. சில மிஷின் அதையும் ரத்தச் சர்க்கரைன்னு சேத்து எண்ணிடும். யாரும் சொல்லலையா?" யாரும் சொல்லவில்லை. அவருக்குள்ள வியாதிகளை எல்லாம் நான் அரைமணி நேரம் படித்துக் காட்டியிருந்தேன். மிஷினைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிழைத்துக்கொண்டார். பாக்கி இரண்டு நாள் மருந்தை வெள்ளிக்கிழமை தொடங்க வேண்டும், சர்க்கரை கலக்காத வேறு மருந்து. கிட்னிக்குப் பயம் உண்டு. ஏற்றாவிட்டால் அந்தத் துவளல் மூச்சுவரைக்கும் ஏறும். இவரோ வரமாட்டேன் என்கிறார். "நீ பக்கத்துல உக்காந்திருப்ப. மூச்சு முட்டுதுன்னு நான் சொன்னாலும் நடிக்கிறேம்ப." இதற்கு நோட்டில் பதில் இல்லை. அவர் மிட்டாய் சாப்பிடவில்லை, சாப்பிடவே இல்லை. நான்தான் பாவி என்று நீங்கள் வந்து சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்.

மாமாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் மூட்டுவலியைக் கடவுள் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: "யாருக்கு இவ்வளவு நீளமா எழுதுற?" என்று கேட்டார். படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும், "ஒண்ணு சாப்பிட்டேன்டி. அக்காதான் பிரிச்சு வாயில போட்டா" என்றார். நீங்கள் வந்ததிலிருந்து போனதுவரை நான் அவர் கட்டிலை விட்டு நகரவில்லை. "சத்தியம் பண்ணினீங்களே?" என்றேன். "சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ நோட்டுல எழுது" என்றார். எழுதும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றார். ஆகவே அண்ணி, நீங்கள் அலைய வேண்டாம், மேலே எழுதியதையும் மறந்துவிடுங்கள். யார் கேட்டாலும், செவ்வாய்க்கிழமை நீங்கள் அவருக்கு ஒரு மிட்டாய் கொடுத்தீர்கள். என் நோட்டில் அப்படித்தான் இருக்கிறது.