மீட்கும்வரை யாரும் வெளியேறக் கூடாது

உலகம் தோன்றிய நாளிலிருந்து எத்தனையோ தளபதிகள் போர்க்களத்தில் வென்றிருக்கிறார்கள். போர்க்களம் பக்கமே போகாமல் வென்றவர் எங்கள் மேஜர் ஒருவர்தான். ஆற்றுக்கு அப்பால், எதிரியின் முகாமில் அடைபட்டிருந்த நம் வீரர்கள் முப்பத்தொரு பேரை மீட்க அவர் தீட்டிய திட்டம் நானூறு பக்கம். அத்தனையையும் தட்டச்சு செய்த விரல்கள் என்னுடையவை என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

அந்த முப்பத்தொரு பேரில் ஒருவர் என் தங்கையின் கணவர். தங்கைக்கு நிறைமாதம். தினமும் நான் அலுவலகம் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "அண்ணா, குழந்தை பிறக்கறதுக்குள்ள அவரைக் கொண்டுவந்துடுவீங்கல்ல?" என்பாள். திட்டம் வேகமாக முன்னேறுகிறது என்பேன். பொய்யில்லை. நாளுக்குப் பத்துப் பக்கம் முன்னேறியது.

மேஜர் எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்லர். ஒத்திகைக்காக அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் எதிரி முகாமையே அச்சு அசலாக எழுப்பினார். அதே கொட்டகை, அதே முள்வேலி, அதே காவல் கோபுரம். மீட்புப் படை நுழைய வேண்டிய இடத்தில் கம்பியை முன்கூட்டியே அறுத்து, சணலால் கட்டி, 'இங்கே வெட்டவும்' என்று பலகையும் மாட்டினார். கைதிகளாக நடிக்கச் சமையற்காரர்கள் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் பதினாறு முறை வெற்றிகரமாக மீட்கப்பட்டார்கள். பதினாறு நாளும் எங்களுக்குச் சாப்பாடு நாலு மணிக்குத்தான் வந்தது.

மீட்பு நாள் இருபதாம் தேதி என்று முடிவாயிற்று. நடவடிக்கைக்குப் பெயர் வைப்பதுதான் பாக்கி. அதற்கான குழு ஐந்தாம் தேதி காலை கூடியிருந்தபோது கதவு தட்டப்பட்டது. தாடியும் கந்தலுமாக வராந்தா முழுக்க ஆட்கள். கழிவறைச் சுவருக்கடியில் பள்ளம் தோண்டி, ஆற்றை நீந்திக் கடந்து, முப்பத்தொரு பேரும் தாங்களாகவே வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் எங்கள் மாப்பிள்ளை. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

மேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரைக் கேட்டு வந்தீங்க?" என்றார்.

"தப்பிச்சு வந்தோம் சார்," என்றார் மாப்பிள்ளை.

"அதைத்தான் கேக்கறேன். உங்களை இருபதாம் தேதிதானே மீட்கப்போறோம்?"

திட்டத்தில் 'கைதிகள் தாமாக வருதல்' என்ற பகுதியே இல்லை. மீட்பு நடவடிக்கைக்கு மேலிடம் ஒப்புதல் கொடுத்தாயிற்று. பார்வையிட அமைச்சர் வேறு வருகிறார். கைதி இல்லாமல் எதை மீட்பது? மேஜர் ஐந்தே நிமிடத்தில் தீர்வு கண்டார். முப்பத்தொரு பேரும் பின்னாலிருந்த ஒத்திகை முகாமில் 'தங்கவைக்கப்பட்டார்கள்'. 'அவர்கள் பாதுகாப்புக்காக' துப்பாக்கியோடு காவலும் போடப்பட்டது. இருபதாம் தேதி அங்கேயே மீட்டுவிடலாம், ஆற்றைக் கடக்கும் சிரமமும் மிச்சம். சமையற்காரர்கள் நன்றி தெரிவித்து அடுப்படிக்குத் திரும்பினார்கள்.

மாப்பிள்ளைக்கு ஒருநாள் விடுப்பு கேட்டேன். மனைவிக்குப் பதினோராம் தேதி வாக்கில் பிரசவம் என்று மருத்துவர் சொல்லியிருப்பதை எடுத்துச் சொன்னேன். மேஜர் கனிவோடு கேட்டுக்கொண்டார்.

"ஒன்பது நாள்தானே. தள்ளிப்போட முடியுமான்னு டாக்டரைக் கேட்டுப் பாருங்க."

வீட்டில் தங்கையிடம், மாப்பிள்ளை வந்துவிட்டார், என் அலுவலகத்துக்குப் பின்னால்தான் இருக்கிறார் என்றேன்.

"அப்ப ஏன் வீட்டுக்கு வரல?"

"இன்னும் மீட்கலைம்மா."

அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு நானூறு பக்கத்திலும் பதில் இல்லை.

மறுநாள் முள்வேலி ஓரமாகப் போய் நின்றேன். மாப்பிள்ளை குறை சொல்லும் ரகமல்ல. "அங்க ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான் தலையை எண்ணுவாங்க மச்சான். இங்க ஆறு தடவை," என்று மட்டும் சொன்னார்.

பதினோராம் தேதி மதியம் தங்கைக்கு வலி எடுத்தது. அதே மதியம் அமைச்சருக்கு வணக்கம் வைக்கும் ஒத்திகைக்காகக் காவலர்கள் அத்தனை பேரும் முன்வாசலுக்கு அழைக்கப்பட்டார்கள். அதே மதியம் என் மேஜைமேல் இருந்த கத்தரிக்கோலும் காணாமல் போனது. எப்படிப் போனது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நம் வீரர்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தே பழகியவர்கள். 'இங்கே வெட்டவும்' என்று எழுதியிருந்தது, வெட்டினார்கள். மாலை ஐந்து மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதலில் தூக்கிக்கொண்டவர் அதன் அப்பா.

ஆளைக் காணோம் என்று எழுதினால் பதில் சொல்ல வேண்டுமே என்று, காவலர்கள் தினமும் ஆறு தடவையும் பதிவேட்டில் முப்பத்தொன்று என்றே எழுதிவந்தார்கள். இருபதாம் தேதி நடவடிக்கை குறித்த நேரத்தில் தொடங்கியது. சணல் மீண்டும் கட்டப்பட்டு மீண்டும் வெட்டப்பட்டது. புகைக்குண்டு வெடித்தது. படை கொட்டகைக்குள் பாய்ந்தது. உள்ளே முப்பத்தொரு வெறும் பாய்கள். மேஜர் நேராக அமைச்சருக்கு முன்னால் போய் விறைப்பாக நின்றார்.

"நடவடிக்கை முடிந்தது. முகாமில் ஒரு கைதிகூட மிச்சமில்லை."

அமைச்சர் எழுந்து நின்று கைதட்டினார். அடுத்த வாரமே பதக்கம் வந்தது. தகுதியானவருக்குத்தான் வந்தது, இப்படி ஒரு உண்மையை அந்த நேரத்தில் வேறு யாரால் சொல்லியிருக்க முடியும்?

போர் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. தப்பிப்போன கைதிகளை இனித் தேடப்போவதில்லை என்று எதிரி அறிவித்துவிட்டான். தங்கை மகள் தவழ்கிறாள். அவள் அப்பா எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டுப் பின்கதவு மட்டும் தானாகத் திறந்துகொள்கிறது. 'மீட்கப்படுவதற்கு முன் அனுமதியின்றி வெளியேறிய முப்பத்தொரு பேரை' எங்கள் அலுவலகம்தான் இன்னும் தேடுகிறது. தேடுதல் ஆணையையும் நானே தட்டச்சு செய்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.